ஓணம் கழிந்து வரும் கடன் யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கடனும் மானியமும் கிடைக்கும் என்ற செய்தி உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. செய்தி சரிதான். திட்டங்கள் இருக்கின்றன, பணமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் தொழில் செய்கிறவர் கைக்கு எந்த மாதத்தில் வந்து சேருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பான் கார்டு, வருமானச் சான்று என்று வருகிற கூட்டத்துக்கு நடுவில் தொழில் கடனுக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களும் தினமும் உண்டு. தேன் பெட்டி வைத்திருப்பவர், தையல் கடைக்காரர், ரப்பர் பால் எடுத்துக்கொண்டே கோழிப் பண்ணை போட நினைப்பவர், வீட்டில் முறுக்கும் அச்சப்பமும் சுடுகிற அக்காமார்கள். விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது, ஆனால் அவர்கள் திரும்பத் திரும்ப வந்து 'தம்பி, அந்த நம்பர போட்டு என்ன ஆச்சுன்னு பாரு' என்று கேட்கிறபோது எது எங்கே நிற்கிறது என்பது எனக்கும் தெரிந்துவிடுகிறது.

எங்கள் மாவட்டத்தில் தொழில் எல்லாமே பருவத்தைப் பிடித்து நடப்பது. தேன் என்றால் ரப்பர் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடுகிற சமயம், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளுக்குக் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்கள்தான் வருடத்தின் வருமானம். தோவாளைப் பூவுக்கும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸுக்கும் ஓணம். கடலோரத்தைக் கேட்கவே வேண்டாம், மீன்பிடித் தடைக்காலமே எங்களுக்கு இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை முடிந்து படகு இறங்குகிற அன்று வலையும் ஐஸும் டீசலும் வாங்கக் கையில் பணம் வேண்டும். பத்து நாள் கழித்து வந்தால் அதற்குள் வட்டிக்கு வாங்கியாகிவிடும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு அக்கா பல வருடமாக வீட்டின் பின்கட்டில் சிப்ஸ் போடுகிறார். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். விடியுமுன் ஏத்தங்காயைத் தோல் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார், பெரிய வார்ப்பில் தேங்காய் எண்ணெய் காய்ந்ததும் கையிலிருக்கிற சீவுபலகையை எண்ணெய்க்கு நேரே பிடித்து ஒரே வேகத்தில் சீவுவார், வட்டம் வட்டமாக ஒன்றோடொன்று ஒட்டாமல் விழும். பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரை ஒரு கை தெளிப்பார். அந்தச் சத்தம் அடங்குகிறதை வைத்தே எண்ணெயிலிருந்து கோரி எடுக்கிற பதம் சொல்லிவிடுவார். கூட மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். ஓணத்துக்கு முன்னால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு எவ்வளவு அனுப்பினாலும் எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, சரக்குப் போடத்தான் கையில் பணம் இல்லை. ஓணம் நெருங்க நெருங்க ஏத்தங்குலை விலையும் ஏறும், எண்ணெய் விலையும் ஏறும். 2025இல் தேங்காய் எண்ணெய் ஏறின ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். ஆடி பிறக்கும்போதே இரண்டு லட்சம் ரூபாய் கையில் இருந்தால் விலை ஏறும் முன்பே எண்ணெய் வாங்கிப் போட்டு, விவசாயிக்கு முன்பணம் கொடுத்துக் குலையையும் பேசி வைத்துவிடலாம்.

அவர் வைகாசியிலேயே வங்கிக்கு விண்ணப்பம் கொடுத்தார். எந்த வங்கி என்று இங்கே எழுதவில்லை, ஒரு கிளையைக் குறை சொல்வது என் நோக்கமும் இல்லை. முதலில் மேனேஜர் லீவு என்றார்கள். அப்புறம் மேனேஜர் மாறிவிட்டார், புதியவர் வந்து பார்க்கட்டும் என்றார்கள். அப்புறம் கொட்டேஷன் பழையது, புதிதாக வாங்கி வா என்றார்கள். பிறகு வீட்டுப் பத்திரம் கேட்டார்கள், வீடோ மாமியார் பெயரில். கடைசியில் கடன் கிடைத்தது, கிடைக்காமல் இல்லை. திருவோணம் கழிந்து எல்லோரும் மிச்சச் சரக்கை விலை குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் கிடைத்தது. 'ஓணம் கழிஞ்ச பொறவு பைசா தந்தா அத வச்சு நான் என்ன செய்ய தம்பி' என்று என் கடை வாசலில் நின்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குள் அவர் வெளியே ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தார். ஐந்து வட்டி என்றால் லட்சத்துக்கு மாதம் ஐயாயிரம், வருடத்துக்கு அறுபதாயிரம். வங்கியில் பன்னிரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் லட்சத்துக்கு மாதம் ஆயிரம்தான். அந்த நாலாயிரம் வித்தியாசம் எங்கே போகிறது? மூன்று பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய கூலி அது.

இதைப் படிக்கிற வங்கி அலுவலர்கள் கோபப்பட வேண்டாம். கிளைகளில் ஆள் பற்றாக்குறை என்பதும், வாராக்கடன் ஏறினால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கு 25 லட்சம் ரூபாய் வரையிலான கடன் விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். விண்ணப்பம் வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கடன் இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சிறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கவே கூடாது, அதற்காகத்தான் 2000ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது. இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் கவுண்டரில் நிற்கிறவரில் எத்தனை பேர் ஒப்புகைச் சீட்டு கேட்கிறார்கள்? கேட்டால் சார் கோபப்படுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தால் விண்ணப்பம் கொடுத்த தேதி என்று ஒன்றே இல்லாமல் போகிறது, தேதி இல்லாவிட்டால் 14 நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஆகவே வாசகர்களுக்கு நான் சொல்வது, விண்ணப்பம் கொடுக்கும்போது இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள், அதில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கிளை பதில் சொல்லவில்லை என்றால் முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வக்கீல் வேண்டாம்.

இன்னொரு தாமதம் நம் பக்கத்திலிருந்தே வருகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். எந்தத் திட்டம் யாருக்கு என்று தெரியாமல் விண்ணப்பித்து, மாதக்கணக்கில் காத்திருந்து, தகுதி இல்லை என்று திரும்பி வருகிறார்கள். எல்லோருக்கும் பெயர் தெரிந்தது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. ஆனால் அது புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்கு. சிப்ஸ் போடுகிற அக்கா மாதிரி ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர் புதிதாக அதில் சேர முடியாது. அவருக்குப் பொருத்தமானது 2020இல் வந்த உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான திட்டம், பி.எம்.எஃப்.எம்.இ. நடந்துகொண்டிருக்கிற தொழிலை விரிவுபடுத்த, இயந்திரம் வாங்க 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். மானியம் வேண்டாம், சீசனுக்குச் சரக்கு வாங்கப் பணம் போதும் என்றால் முத்ரா கடன். அதில் மானியம் இல்லை, அடமானமும் இல்லை. ஐம்பதாயிரம் வரை ஒரு பிரிவு, 5 லட்சம் வரை ஒரு பிரிவு, 10 லட்சம் வரை ஒரு பிரிவு. இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

மானியத்தைப் பற்றியும் ஒரு தப்பான நினைப்பு ஊரெல்லாம் இருக்கிறது. கடன் பாஸானதும் மானியம் கையில் வரும் என்று நினைக்கிறார்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் அந்தத் தொகை உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருக்கும், தொழில் ஒழுங்காக நடக்கிறது என்று சரிபார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இது தெரியாமல் மானியத்தை நம்பி வெளியே கடன் வாங்கி ஷெட் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதே திட்டத்தில் குமரி மாவட்டத்துக்கு மட்டும் பெரிதாக இடிக்கிற ஒரு விஷயம் உண்டு. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பட்டியல் வகுப்பினர் எல்லோரும் சிறப்புப் பிரிவு. அப்படிப் பார்த்தால் எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலானோர் இதற்குள் வந்துவிடுவோம். சிறப்புப் பிரிவுக்கு மானியம் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம். இங்கேதான் சிக்கல். எங்கள் மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேல் பேரூராட்சிகள். 2011 கணக்கெடுப்பிலேயே மாவட்டத்தின் மக்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம் என்று பதிவாகியிருக்கிறது. நேரில் பார்த்தால் தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும் ரப்பர் காடும்தான், பேர் மட்டும் டவுன். பத்து லட்சம் ரூபாய் திட்டத்தில் பத்து சதவீதம் என்பது ஒரு லட்சம். ஆகவே பேரூராட்சிப் பகுதியில் கயிறு திரிக்கவோ செங்கல் சூளை போடவோ நினைக்கிறவர்கள் தங்கள் இடம் எந்தக் கணக்கில் வரும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேரூராட்சி என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஊரே நகரமாகிவிடாது.

மாநில அரசின் திட்டங்களும் குறைவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த, வேலையில்லாத இளைஞர்களுக்கு 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம் தருகிற யு.ஒய்.இ.ஜி.பி. இருக்கிறது. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டம், பட்டியல் வகுப்பு மற்றும் பழங்குடியினருக்கு 35 சதவீத மானியத்தோடு 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், சிறுபான்மையினருக்கு அவர்களுக்கான அரசுக் கழகமான டாம்கோ தருகிற கடன். 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கென்றே போட்டது போல இருக்கிறது. நகை செய்தல், மண்பாண்டம், படகு கட்டுதல், மீன்வலை பின்னுதல் எல்லாம் அந்த 25 தொழில்களுக்குள் வருகின்றன. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம் ஐம்பதாயிரம் வரை, வட்டியிலும் 5 சதவீதம் அரசு ஏற்றுக்கொள்ளும். கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கின வடசேரியில், வண்ணக்கல் பதிக்கிற குடும்பங்கள் குறைந்துகொண்டே வருகிற காலத்தில், இது போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். மார்த்தாண்டம் தேன், மட்டி வாழை, ஈத்தாமொழித் தேங்காய், கிராம்பு, கடைசியாகத் தோவாளைப் பூமாலையான மாணிக்கமாலை என்று வரிசையாகக் குறியீடு வாங்கிவிட்டோம். சந்தோஷம்தான். மாணிக்கமாலை கட்டுகிறவருக்குச் சீசன் முதலீடு எங்கே கிடைக்கும் என்று ஒருவராவது போய்ச் சொன்னோமா?

சரி, இப்போது தரகர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன ஐந்து நிமிட விளக்கத்துக்கு ஆள் இல்லாத இடத்தில்தான் அவர்கள் நுழைகிறார்கள். 'லோன் நான் எடுத்துத் தாறேன், எனக்கு இத்தனை சதவீதம்' என்று பேசுவார்கள். மானியத்தின் பாதியைக் கேட்கிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் உரக்கச் சொல்கிறேன், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், அரசின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி ஆயிரம் இரண்டாயிரம் வாங்குகிற தனியார் தளங்களில் பணம் கட்டாதீர்கள். பி.எம்.இ.ஜி.பி. விண்ணப்பத்துக்கும் கட்டணம் இல்லை. உணவுத் தொழில் என்றால் வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு வெறும் நூறு ரூபாய். பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் விண்ணப்பம் தயாரித்து வங்கிவரைக்கும் உதவ மாவட்ட வள நபர் என்றே ஆட்களை வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அரசே கட்டணம் கொடுக்கிறது, உங்கள் கையிலிருந்து ஒரு பைசா கொடுக்க வேண்டாம். என்னைப் போன்ற சென்டர்காரர்களும் பிரிண்ட் எடுக்கிற, தட்டச்சு செய்கிற கூலியைத் தவிர வேறு வாங்கக் கூடாது என்பதை இந்தக் கடிதம் வழியாகச் சக நண்பர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

மீன் விற்கிற அம்மாமாருக்குத் தனியாக ஒன்று. தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணை 15,000, ஒழுங்காகக் கட்டினால் 25,000, அதன் பிறகு 50,000 வரை போகலாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது உண்டு. இந்த ஒரு இடத்தில் எங்கள் பேரூராட்சிகள் உதவிக்கு வருகின்றன. அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்க வேண்டும். காலை நாலு மணிக்கு ஏலத்துக்குப் போய், பத்து மணிக்கு மீனை விற்று முடித்து, மதியம் அலுவலகம் போனால் 'காலையில வாங்க' என்கிறார்கள். காலையில் எப்படி வருவார்கள்?

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டத் தொழில் மையம் நாகர்கோவில் கோணத்தில் இருக்கிறது. கொல்லங்கோட்டிலிருந்தோ அருமனையிலிருந்தோ ஒருவர் அங்கே போய் வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும், போன அன்று அலுவலர் ஆய்வுக்கூட்டத்தில் இருந்தால் அதுவும் வீண். குழித்துறை, திருவட்டாறு, குளச்சல், தோவாளை இந்த நான்கு இடங்களிலாவது மாதம் ஒரு நாள், எல்லோருக்கும் நினைவிருக்கிற மாதிரி ஒரே கிழமையில், தொழில் மையத்தின் அலுவலரும் அந்தப் பகுதி வங்கிக் கிளைகளின் கடன் அலுவலர்களும் உள்ளாட்சி அலுவலரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அங்கேயே விண்ணப்பத்தைச் சரிபார்த்து, என்ன காகிதம் குறைகிறது என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுத்து, முழுமையாக இருந்தால் தேதி போட்ட ஒப்புகை கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் அதே மேசையில் போன மாத விண்ணப்பங்களின் நிலை என்ன என்று வாசிக்க வேண்டும். பாஸானது எது, நிற்பது எது, ஏன் நிற்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்க வருகிற கூட்டத்தில் ஒரு பங்கு இதனாலேயே குறையும்.

கூடவே மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கிற முன்னோடி வங்கி மாவட்டத்துக்கான கடன் திட்டத்தைப் போடும்போது தொழில்களின் பருவத்தையும் சேர்த்துப் போட வேண்டும். தேன் பெட்டிக்கான கடன் தை பிறக்கும் முன், சிப்ஸுக்கும் பூவுக்கும் ஆனி மாதம், கடற்கரைக் கடைகளுக்கு ஐப்பசி, மேற்குக் கடற்கரை மீனவர்களுக்கு ஜூலைக்குள். வருட இலக்கு மார்ச்சில் முடிய வேண்டும் என்று கடைசி மாதம் அவசர அவசரமாகக் கடன் கொடுக்கிற பழக்கம் எங்கள் தொழில்கள் எதற்கும் பொருந்தவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது ஆசிரியர் அவர்களே. கடன் மேளா நடந்த மறுநாள், மேடையில் பெரிய அளவு காசோலை அட்டையைப் பிடித்தபடி எடுத்த படத்தோடு செய்தி வருகிறது. மேளா நடந்ததே அப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. அடுத்த முகாமுக்கு ஒரு வாரம் முன்னால் எந்த மண்டபம், எத்தனை மணி, எந்தெந்தத் திட்டம், ஆதார், வங்கிப் புத்தகம், கொட்டேஷன், தீர்வை ரசீது என்று என்னென்ன கொண்டு வர வேண்டும் என்பதை மாவட்டப் பக்கத்தின் ஒரு ஓரத்தில் போடுங்கள். அதை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன், மற்ற சென்டர்காரர்களிடமும் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்.